ஈறு ஆறாமல் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது; கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.9. ஈறு நோயால் ஆடத் தொடங்கிய கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டைச் சென்ற ஆண்டு எடுத்துவிட்டார்கள். பல் துலக்கும்போது மற்ற இடங்களிலும் இரத்தம் கசிகிறது. ஒரு மருத்துவர் உடனே இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் முதலில் ஈற்றுக்குச் சிகிச்சை எடுக்கச் சொல்கிறார். இம்பிளான்டில் சொத்தை வராது என்பதால், மீதமுள்ள பற்களையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அப்படியே மாற்றிக்கொண்டால் ஈறு நோய்த் தொல்லையே இராதல்லவா?

பதில்: இரண்டாவது மருத்துவர் சொன்னதே சரி. இம்பிளான்டில் சொத்தை வராது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பற்களை இழக்கச் செய்தது சொத்தை அன்று, ஈறு நோய். அந்த நோய் இம்பிளான்டையும் விட்டுவைக்காது என்பதோடு, இயற்கைப் பல்லைவிட அதனைச் சுற்றி வேகமாகவும் பரவக்கூடும்.

இதற்குக் காரணம் உடலமைப்பில் இருக்கிறது. இயற்கைப் பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு உண்டு. ஈற்றின் இழைகளும் வேரின் மேற்பரப்பில் குத்திட்டுப் பதிந்து, கிருமிகள் கீழே இறங்காதபடி ஒரு வேலி போல நிற்கின்றன. இம்பிளான்ட் என்பது எலும்புக்குள் பொருத்தப்படும் டைட்டானியம் திருகு. எலும்பு அதனை நேரடியாகப் பற்றிக்கொள்ளும் என்பதை 1950-களில் முயல்களின் எலும்பை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கண்டவர் சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க். 1965-இல் அவர் முதல் நோயாளிக்கு அதனைப் பொருத்தினார். எலும்பு இவ்வளவு உறுதியாகப் பற்றினாலும், ஈறு அதன்மீது அப்படிப் பதிவதில்லை. இழைகள் திருகைச் சுற்றி வளையம் போல ஓடுகின்றனவே தவிர, அதற்குள் வேரூன்றுவதில்லை. ஆகவே அழுக்குப் படலம் சேர்ந்து அழற்சி தொடங்கினால், எலும்பை எட்ட அதற்குத் தடை குறைவு.

முதற்கட்டத்தில் இம்பிளான்டைச் சுற்றியுள்ள ஈறு மட்டும் சிவந்து, தொட்டால் இரத்தம் வரும். நன்கு சுத்தம் செய்தால் இது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கவனிக்காமல் விட்டால் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பை முழுமையாகத் திரும்பப் பெறுவது கடினம். எலும்பு பெருமளவு கரையும்வரை இம்பிளான்ட் ஆடுவதில்லை, பெரும்பாலும் வலியும் இருப்பதில்லை என்பதால், அது ஆடும்போது பொதுவாகக் கழற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

எனவே மீதமுள்ள பற்களை எடுக்கும் யோசனையைக் கைவிடுங்கள். ஓரளவு எலும்பு இழந்த பல்லைக்கூட முறையான சிகிச்சையால் பல ஆண்டுகள் காப்பாற்ற முடியும்.

முதலில் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறு எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. அதற்கு மேல், கசிவும் சேர்ந்திருந்தால், அங்கே சிகிச்சை தேவை. ஸ்கேலிங் செய்து, அதாவது பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கான காரையைச் சுரண்டி, ஈற்றுக்குக் கீழே வேரில் படிந்துள்ளதையும் எடுத்து, இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பேச்சை நான் வாரத்திற்கு ஒருமுறையாவது கேட்கிறேன். ஏற்கெனவே எலும்பை இழந்த பல்லைக் காரை முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் உள்ள நிலை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

சர்க்கரையையும் இதே காலத்தில் குறைக்க வேண்டும். 8.9 என்ற அளவில் புண் ஆறுவதும் தாமதமாகும், தொற்றுக்கும் இடமுண்டு; அதை 7-க்கு அருகில் கொண்டுவந்த பிறகு இம்பிளான்ட் பற்றிப் பேசுவது நல்லது. ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தாலே எச்பிஏ1சி சற்றுக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுவதால், இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று துணையாகவே இருக்கும். புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால், அதை நிறுத்தாமல் இம்பிளான்ட் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. புகை, ஈற்றின் இரத்தக் கசிவையும் மறைத்துவிடும்.

ஈறு ஆறிய பின், சி.டி. ஸ்கேனில் எலும்பு போதுமான அளவு இருந்தால், இம்பிளான்ட் வைக்கலாம். கீழ்த் தாடையில் பொருத்திய திருகு எலும்போடு இணைவதற்குப் பொதுவாக மூன்று மாதம் ஆகும். அதன் மேல் பல் கட்டிய பிறகும், பற்களுக்கு இடையே நுழைத்துத் துலக்கும் இடைவெளித் தூரிகையை நாள்தோறும் பயன்படுத்துவதும், முதல் ஆண்டில் மூன்று நான்கு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருவதும் கட்டாயம். அதற்கு உங்களால் இயலாது என்று தோன்றினால், கழற்றி மாட்டும் பல்செட்டும் குறைவான தேர்வன்று. பக்கத்துப் பற்கள் உறுதியாக இருந்தால், அவற்றைத் தாங்கலாகக் கொண்டு நிலையாகப் பொருத்தும் பிரிட்ஜும் கட்டலாம்.

பல் மருத்துவரிடம் போகும்போது நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எலும்புத் தேய்மானத்திற்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால், அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தியிருந்தாலும், கட்டாயம் சொல்ல வேண்டும். சிலருக்கு அறுவைக்குப் பின் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் அதனால் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், அதை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.