வீட்டில் பொடி அரைத்து விற்பவருக்கு ட்ரேட்மார்க் தேவையா?

கேள்வி கேட்டவருக்கு: முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கேள்வியில் உங்கள் தயாரிப்பின் பெயரை முழுதாக எழுதி, "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதை உடனே நீக்கிவிடுங்கள், வேறு யாராவது முந்திக்கொண்டு பதிந்துவிடலாம். ட்ரேட்மார்க் விண்ணப்பம் போட்ட பிறகு எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். மீதியை அப்புறம் படித்தால் போதும்.

வீட்டிலேயே மசாலாப் பொடி செய்து விற்கிறேன், உத்யம் பதிவும் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் இருக்கின்றன, ட்ரேட்மார்க் வீண் செலவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். 2022 வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். உத்யம் என்பது நீங்கள் சிறுதொழில் செய்பவர் என்பதற்கான பதிவு. எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது உணவு விற்க அனுமதி. ஜிஎஸ்டி வரிக்கு. இவற்றில் எதுவும் அந்தப் பெயர் உங்களுடையது என்று சொல்லாது. அதைச் சொல்வது ட்ரேட்மார்க் பதிவுதான்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். பிராண்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் விளம்பரம் என்பார்கள். எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. அம்மா 2012ல் பருப்புப்பொடி, இட்லிப்பொடி, அப்புறம் ஆவக்காய், நார்த்தங்காய் ஊறுகாய் என்று ஆரம்பித்தார். பாட்டியின் பெயரையும் அவர் பிறந்த தெருவின் பெயரையும் சேர்த்து ஒரு பெயர் வைத்தார். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் லேபிள் அங்கே ஓர் அச்சகத்தில் அடித்தோம். முதல் தடவை 2,000 லேபிள்.

2015ல் மதுரையிலிருந்து ஒருவர் ஏஜென்சி எடுத்தார். அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார், அம்மா அவரைத் தம்பி என்பார். வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்து போனவர். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் கிடையாது. அம்மாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யாருமே எழுதி வாங்கிக்கொண்டு சரக்குக் கொடுத்ததில்லை.

2022 நவம்பர் கடைசியில், ஆன்லைனில் விற்கலாம் என்று பதிவு செய்யப் போனபோது ட்ரேட்மார்க் இருக்கிறதா என்று கேட்டார்கள். சரி, போட்டுவிடலாம் என்று அரசாங்கத்தின் ஐபி இந்தியா தளத்தில் பெயரைத் தேடினேன். எங்கள் பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தது. அதே எழுத்துகள், 30ஆம் வகுப்பு (பொருள்களைப் பிரித்து வைத்திருக்கும் எண், பொடியும் மசாலாவும் இதில் வரும்), விண்ணப்பித்தவர் அந்த ஏஜென்சிக்காரரின் மனைவி. 2021ல் போட்ட விண்ணப்பம். கை நடுங்கிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

போன் போட்டுக் கேட்டபோது அவர் சொன்னது: "அக்கா, வேற யாரும் எடுத்துறக் கூடாதுன்னுதான் நான் பதிஞ்சு வச்சேன்." அப்படியானால் ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை, உங்கள் வீட்டுப் பெயரில் ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நல்லவேளையாக அது இன்னும் பதிவாகியிருக்கவில்லை. விண்ணப்பத்தைப் பரிசீலித்து ஏற்றுக்கொண்டால் ட்ரேட்மார்க்ஸ் ஜர்னலில் வெளியிடுவார்கள். அது திங்கட்கிழமைதோறும் வருகிறது. வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அவருடையது ஆகஸ்ட்டில் வெளியாகியிருந்தது. எங்களுக்கு மிச்சம் மூன்று வாரம்தான். இந்த 4 மாதத்தை நீட்டித்துத் தர மாட்டார்கள். நான் ஜனவரியில் தேடியிருந்தால், பதிவான பெயரை நீக்கச் சொல்லும் பெரிய வழக்காக மாறியிருக்கும்.

இங்கே ஒருவர் வந்து, "பதிவெல்லாம் தேவையில்லை, முதலில் பயன்படுத்தியவருக்கே உரிமை" என்று நிச்சயம் எழுதுவார். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ட்ரேட்மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா பெயர் வழக்கில் 2015ல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. பின்னால் வந்தவர் கையில் பதிவு இருந்தாலும் முன்பிருந்தே பயன்படுத்தியவரின் உரிமையே மேல். ஆனால் "முன்பிருந்தே" என்பதை யார் நிரூபிப்பது? நீங்கள்தான். அங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

அம்மாவிடம் பத்து வருட பில் புத்தகம் இருந்தது, எல்லாம் கையால் எழுதியது. "ப.பொடி 20 பாக்கெட், இ.பொடி 15 பாக்கெட்" என்று இருக்குமே தவிர, ஒன்றில்கூடப் பிராண்டின் பெயர் இல்லை. விற்பனை குறைவு என்பதால் ஜிஎஸ்டியும் கிடையாது. வக்கீல் அதைப் புரட்டிவிட்டு, "பொடி விற்றீர்கள் என்று தெரிகிறது, இந்தப் பெயரில் விற்றீர்கள் என்று தெரியவில்லையே" என்றார். அப்போதுதான் அச்சகம் நினைவுக்கு வந்தது. சிவகாசிக்குப் போய்க் கேட்டேன். அந்த அண்ணன் பரணில் இருந்த மூட்டைகளை இறக்கி, தும்மிக்கொண்டே இரண்டு மணி நேரம் தேடினார். 2012 பில்லின் கார்பன் நகல் கிடைத்தது. எங்கள் பெயர், "லேபிள் 2,000", தேதி, எல்லாம் அதில் இருந்தன. கூடவே பழைய எஃப்எஸ்எஸ்ஏஐ சான்றிதழில் பெயர் இருந்தது, 2014ல் ஒரு கண்காட்சியில் கடை போட்ட ரசீதிலும் இருந்தது. இவைதான் எங்களைக் காப்பாற்றின.

ஏஜென்சிக்காரர் தன் மனைவி பெயரில் போட்ட விண்ணப்பத்தில் ஒரு தவறும் செய்திருந்தார். எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற இடத்தில் "இனிமேல் பயன்படுத்த உத்தேசம்" என்று போட்டிருந்தார். ஏழு வருடமாக எங்களிடம் வாங்கி விற்றவர்! எதிர்ப்பு மனுவுக்கு ஆன்லைன் கட்டணம் 2,700 ரூபாய், வக்கீலுக்கு 15,000. நோட்டீஸ் கிடைத்து 2 மாதத்துக்குள் அவர் எதிர்மனு போட வேண்டும், போடவில்லை. போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அப்படியே ஆனது.

கூடவே 2022 டிசம்பரிலேயே அம்மா பெயரில் எங்கள் விண்ணப்பத்தையும் போட்டோம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9,000. வகுப்பைக் கவனியுங்கள். பொடியும் மசாலாவும் 30, ஊறுகாய் 29. எங்களுக்கு இரண்டு வகுப்பு, அதனால் 9,000 ஆனது. 2012 முதல் பயன்படுத்துகிறோம் என்று அம்மா பிரமாணப் பத்திரம் கொடுத்து, அந்த அச்சக பில்லை இணைத்தோம். லேபிள் தமிழில் இருந்தால் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதி, பொருளும் கொடுக்க வேண்டும். சில மாதத்தில் பரிசீலனை அறிக்கை வந்தது. அந்த ஏஜென்சிக்காரர் தரப்பு விண்ணப்பத்தையே காட்டி, இதே பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று 11ஆம் பிரிவின்படி ஆட்சேபம் என்றார்கள். அதற்கு ஒரு மாதத்துக்குள் பதில் கொடுத்தாக வேண்டும். மலிவாகப் போட்டுத் தருகிறோம் என்கிற சில கன்சல்டன்ட்கள் விண்ணப்பத்தோடு காணாமல் போய்விடுவார்கள், இந்த அறிக்கை வந்ததே உங்களுக்குத் தெரியாது. எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். எங்களுக்கு 2024 செப்டம்பரில் சான்றிதழ் வந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து 10 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

உங்கள் பெயரில் ஊரின் பெயரும் "சுவை" என்ற சொல்லும்தான் இருக்கின்றன. அது கஷ்டம். பொருளின் தன்மையையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயருக்கு 9ஆம் பிரிவில் ஆட்சேபம் வரும். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல் கிடைத்ததே என்று கேட்காதீர்கள். அது புவிசார் குறியீடு, ஓர் ஊரின் தயாரிப்புக்குக் கொடுப்பது, தனியொருவரின் பெயருக்குக் கொடுத்தது அல்ல. லேபிள் இன்னும் அடிக்கவில்லை என்றால் வேறு பெயர் யோசியுங்கள். தேடும்போது ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் போட்டுப் பாருங்கள். "ழ" வரும் பெயர் என்றால் இன்னும் கவனம்.

இன்னொன்று. பதிவாகும் முன் வட்டத்துக்குள் ஆர் (®) போடாதீர்கள், டிஎம் (TM) மட்டும் போடலாம். "எல்லாரும் போடுறாங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எங்கள் பழைய லேபிளில் சில வருடம் ஆர் இருந்தது. பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது 107ஆம் பிரிவில் குற்றம், 3 வருடம் வரை சிறை என்று அன்றைய சட்டப்படி வக்கீல் சொன்னதும் மிச்சமிருந்த லேபிள்களை எல்லாம் கிழித்துப் போட்டோம். 2024 ஆகஸ்ட்டிலிருந்து சிறைக்குப் பதில் அபராதம் என்று மாற்றிவிட்டார்கள். ஜர்னலில் பெயர் வந்ததும் பணம் கட்டச் சொல்லி அரசாங்கக் கடிதம் மாதிரியே ஒரு போலிக் கடிதம் வரலாம். எங்களுக்கும் வந்தது. தளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016ல் அரவை மெஷின் வாங்க 50,000 ரூபாய் முத்ரா கடன் கேட்டு அம்மா ஒரு வங்கிக்குப் போனார். "வீட்ல சும்மா செய்றதுதானே, சாரைக் கூட்டிட்டு வாங்க" என்று அப்பாவின் சம்பளச் சீட்டைக் கேட்டார்கள். நான்கு வருடம் தன் கையால் வறுத்து அரைத்து விற்றவரிடம்! நகையை வைத்துத்தான் அந்த மெஷினை வாங்கினார். இன்று சான்றிதழில் உரிமையாளர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் மட்டும் இருக்கிறது. அதை வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறோம்.

அந்த ஏஜென்சிக்காரர் போன வருடம் ஒரு சொந்தக்காரர் மூலம் மறுபடி சரக்குக் கேட்டார். அம்மா கொடுக்கலாம் என்கிறார், வியாபாரம் வேறு, கோபம் வேறு என்பது அவர் எண்ணம். நான் இரண்டு பக்க ஒப்பந்தம் தயார் செய்து அனுப்பினேன். பெயரும் லேபிளும் எங்களுடையவை, எந்த விண்ணப்பமும் அவர் தரப்பில் போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போட்டு அனுப்பவில்லை. சரக்கும் இன்னும் போகவில்லை.