தண்ணீரில் பாலாக மாறிய புரோபோலிஸ்

அன்புள்ள ஐயா,

தேனீக்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு, தேனீக்கள் கூட்டில் பூசும் பிசினான புரோபோலிஸைக் கொஞ்சம் வாங்கி, எத்தனால் என்ற ஆல்கஹாலில் ஊறவைத்தேன். இரண்டு வாரத்தில் செம்பழுப்பு நிறத்தில் தெளிவான சாறு கிடைத்தது. குடித்துப் பார்க்கலாம் என்று ஒரு தம்ளர் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டேன். தண்ணீர் பால்போல வெளுத்துவிட்டது, தம்ளர் ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒரு வளையம். சாறு கெட்டுவிட்டதா? இதை எப்படிச் சுத்தப்படுத்துவது? இயற்கையாகக் கிடைப்பதைச் சுத்தப்படுத்தத்தான் வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

கெடவில்லை. அந்தத் தம்ளரில் நீங்கள் பார்த்ததுதான் இதன் மொத்தச் சூட்சுமமும்.

புரோபோலிஸ் தேனீயின் உடலில் சுரப்பதில்லை. மொட்டுகளிலும் மரப்பட்டைக் காயங்களிலும் கசியும் பிசினைத் தேனீ கடித்தெடுத்து, பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு வந்து, மெழுகோடு பிசைந்து கூட்டின் விரிசல்களை அடைக்கிறது. கூட்டுக்குள் செத்த எலியை வெளியே இழுத்துப் போட முடியாவிட்டால் அதன்மேலும் இதைப் பூசி மூடிவிடும், எலி அழுகாமல் காய்ந்து கிடக்கும். பொதுவாக இதில் பாதி பிசின், 30% மெழுகு, மீதி நறுமண எண்ணெயும் மகரந்தமும் பிறவும். நமக்கு வேண்டிய ஃபிளேவனாய்டுகள், ஃபீனாலிக் பொருள்கள் என்ற தாவர வேதிப்பொருள்கள் பிசினில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. உங்கள் பத்துச் சொட்டு தண்ணீரில் விழுந்ததும் ஆல்கஹால் நீர்த்துப்போய், பிசின் நுண்துளிகளாக வெளியே வந்துவிட்டது. அதுதான் அந்த வெண்மை.

எது எதில் கரையும், எப்போது கரையாமல் பிரியும் என்பதை வைத்துத்தான் சுத்திகரிப்பு முழுவதும் நடக்கிறது.

முதலில் கட்டியை ஃபிரீசரில் ஓர் இரவு வையுங்கள். விரலில் ஒட்டிக்கொண்டு விடாத பொருள், குளிர்ந்ததும் கண்ணாடிபோல நொறுங்கும். குளிர் போவதற்குள் தூளாக்கிவிட வேண்டும். ஒரு பங்கு தூளுக்குப் பத்துப் பங்கு 70% எத்தனால் என்பது வழக்கமான அளவு. சுத்த எத்தனால் மெழுகையும் கூடவே இழுத்துவரும், வெறும் தண்ணீருக்கோ பிசின் மசியாது. இரண்டுக்கும் நடுவே 70% நன்றாக வேலை செய்கிறது. வெளிச்சம் படாமல் வைத்து, அவ்வப்போது குலுக்கி, வடிகட்டலாம்.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லாததால் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வடித்த சாற்றை மறுபடி ஃபிரீசரில் வையுங்கள். காலையில் பார்த்தால் அடியில் வெளிறிய செதில்கள் படிந்திருக்கும், அது மெழுகு. குளிர் போவதற்குள் வடித்துவிடுங்கள், தாமதித்தால் மெழுகு மறுபடி கரைந்துவிடும்.

வீட்டில் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆய்வகத்தில் காற்றழுத்தத்தைக் குறைத்து, 40 டிகிரி போன்ற மிதமான சூட்டில் எத்தனாலை ஆவியாக்குவார்கள். மிஞ்சும் மெழுகை ஹெக்ஸேன் என்ற கரைப்பான் கொண்டு நீக்கி, எத்தில் அசிட்டேட் என்ற இன்னொரு கரைப்பானில் ஃபிளேவனாய்டுகளைப் பிரித்தெடுத்து, சிலிக்கா ஜெல் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விடுவார்கள். சிலிக்காவோடு அதிகம் ஒட்டும் பொருள் பிந்தும், ஒட்டாதது முந்தும். கிரைசின், கலாஞ்சின் என்ற இரண்டு ஃபிளேவனாய்டுகளும் ஒரே ஒரு ஹைட்ராக்சிலில்தான் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த அணுத் தொகுதி) வேறுபடுகின்றன. அவற்றைப் பிரிக்கப் பொறுமை வேண்டும். குழாயிலிருந்து சொட்டுவதைக் குப்பி குப்பியாகப் பிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புள்ளியைச் சிலிக்கா பூசிய தகட்டில் வைத்து, கரைப்பானை அதில் ஏறவிட்டு, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஃபீனாலிக் பொருள்களில் ஒன்றான கஃபேயிக் அமில வகைகள் நீலமாக ஒளிரும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த காட்சி அது.

சரி, சுத்தப்படுத்தத்தான் வேண்டுமா? மெழுகை நீக்குவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேனீக்களைத் தாக்கும் உண்ணிகளை ஒழிக்கக் கூட்டில் வைக்கும் மருந்துகளில் பல, மெழுகில்தான் தங்குகின்றன. ஆனால் ஒரே ஒரு மூலக்கூறைப் பிரித்து அதையே மருந்து என்று கொண்டாடுவதை நான் ஏற்க மாட்டேன். ஐரோப்பாவில் தேனீக்கள் பாப்லர் மர மொட்டிலிருந்து பிசின் எடுக்கின்றன. பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் பக்காரிஸ் என்ற புதரிலிருந்து வருகிறது, அதில் முக்கியமானது ஆர்ட்டெபிலின் சி என்ற ஃபீனாலிக் பொருள். இப்படிச் சேர்மானமே வேறாக இருந்தும், இரண்டுமே ஆய்வகத்தில் பாக்டீரியாவைத் தடுக்கின்றன.

ஆனால் பிரித்துப் பார்க்காமல் எது என்ன செய்கிறது என்று சொல்லவும் முடியாது. பாப்லர் வகையில் இருக்கும் கஃபேயிக் அமில ஃபீனெத்தில் எஸ்டர் ஆய்வகச் சோதனைகளில் அழற்சியைக் குறைக்கிறது. சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள்களில் அதுவும் ஒன்று. உங்களுக்கு ஆஸ்துமாவோ தேன், மகரந்தம் ஒத்துக்கொள்ளாத உடம்போ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

எந்த எத்தனாலில் ஊறவைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தொழிற்சாலைக்கோ அடுப்புக்கோ விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம். வடிகட்டினாலும் குளிரவைத்தாலும் அது போகாது. பாட்டிலில் உணவுத் தரம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டு, மறுபடி ஊறவையுங்கள்.