எலுமிச்சை முதல் கொடைக்கானல் பிளம்ஸ் வரை: தோல், சாறு, ருசி பற்றிய கேள்வி பதில்

எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, நார்த்தை, பம்ப்ளிமாஸ், கூடவே மலையிலிருந்து வரும் பிளம்ஸ். இவற்றின் தோலும் ருசியும் எப்படி உருவாகின்றன என்பதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்து அளவு, மானியம், கடன் பற்றிய கேள்விகளுக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம்தான் சரியான இடம்.

வாடிப்பட்டி விவசாயி: அண்ணே, எலுமிச்சை வச்சு நாலாவது வருஷம். காய் பெருசா பார்க்க அழகா இருக்கு. வெட்டினா தோல் அரை விரல் கனம், சாறே இல்ல. யூரியா தாராளமாத்தான் வைக்கிறேன். என்ன குறை?

குறை இல்லை தம்பி, மிகைதான். யூரியா தாராளம் என்றீர்களே, தடித்த தோலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும் முதல் ஒன்றிரண்டு மாதம் காயில் செல்கள் பெருகுகின்றன. அப்போது வளர்ச்சியில் பெரும்பங்கு தோலுக்கு. அந்த வயதுப் பிஞ்சை அறுத்துப் பாருங்கள், வெள்ளைச் சதைதான் நிறைந்திருக்கும், நடுவில் சுளை ஒரு பொட்டு. அடுத்த கட்டத்தில் சுளைக்குள் இருக்கும் சாற்றுப் பைகள் நீரும் அமிலமும் இழுத்து உப்புகின்றன. தோல் அப்போது விரிந்து மெலிகிறது. கடைசிக் கட்டம் முதிர்ச்சி. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் தோல் சொரசொரப்பாகத் தடிக்கும், மஞ்சள் ஏறுவதும் தாமதப்படும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தாலும் தோல் தடிக்கும். சாம்பல்சத்தை (பொட்டாசியம்) அளவுக்கு மீறிக் கொட்டினாலும் அதே கதைதான்.

மீதிக் காரணம் மரத்தின் வயது. இளமரமும், நெட்டுக்குத்தாக வேகமாக ஓடும் நீர்க்கொம்புக் கிளையும் தரும் காய்கள் தடித்தோலாகத்தான் இருக்கும். மரம் நிதானப்பட்டதும் சரியாகும். யூரியாவைக் குறைத்து, மண் பரிசோதனை செய்துவிட்டு உரம் வையுங்கள். அடிமரத்தை ஒட்டித் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

ஆண்டிபட்டி வாசகர்: காய்த் தோலில் பழுப்புக் கோடு கோடாக இருக்கு. நோயா?

உங்கள் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பிஞ்சு முள்ளிலும் கிளையிலும் உரசிய தழும்பு காயோடு சேர்ந்து வளர்ந்து கோடாகிவிட்டது. சாற்றுக்குப் பாதகமில்லை. கோடாக இல்லாமல் காம்பைச் சுற்றி மோதிரம்போல வெளுத்த வளையம் இருந்தால் அது இலைப்பேன் என்ற சிறு பூச்சியின் வேலை. தோல் முழுக்கத் துருப்பிடித்த நிறமானால், கண்ணுக்கு எளிதில் தெரியாத துருச்சிலந்தியின் வேலை.

சோழவந்தான் வாசகி: மரத்தடியில் வெல்லத் தண்ணீர் ஊற்றினால் சாத்துக்குடி இனிக்கும் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

இல்லை அம்மா. பழத்தின் சர்க்கரை இலையில் உருவாகிறது. வெயிலையும் காற்றையும் கொண்டு இலை செய்யும் சர்க்கரை காம்பு வழியாகக் காய்க்குப் போகிறது. வேர் உறிஞ்சுவது நீரும் தாதுவும். சாணம், கோமியத்தோடு வெல்லம் கலந்து புளிக்கவைத்த ஜீவாமிர்தம் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு நல்லது, அதற்காக ஊற்றுங்கள். இனிப்பு வேண்டுமானால் இலையைக் காப்பாற்றுங்கள். இலைத்துளைப்பான் புழு சுருட்டிய இலையும், துத்தநாகம் இல்லாமல் வெளிறிய இலையும் சர்க்கரை செய்யாது.

கே.கே. நகர் வாசகர்: மாட்டுத்தாவணியில் வாங்குகிற சாத்துக்குடி பச்சையாகவே இருக்கிறது, ஆனால் இனிக்கிறது. வெளிநாட்டு ஆரஞ்சு நல்ல நிறம், ஆனால் சில சமயம் புளிக்கிறது. ஏன் ஐயா?

தோலின் நிறமும் சுளையின் ருசியும் தனித்தனியாக நடக்கிற இரண்டு வேலைகள். இன்று ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

தோலின் பச்சையம் கரைந்து ஆரஞ்சு நிறமி ஏறுவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். இரவு வெப்பம் சுமார் 13 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊர்களில்தான் அந்தத் தகதகப்பு வரும். மதுரையில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. அதனால் நம் சமவெளியில் சுளை முதிர்ந்து இனித்த பிறகும் தோல் பச்சையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். மரத்திலேயே விட்டுவைத்த வலென்சியா ஆரஞ்சு, வெயில் ஏறியதும் நிறம் மாறிய தோலைத் திரும்பப் பச்சையாக்கிக்கொள்வதும் உண்டு. ருசி அப்படியே இருக்கும்.

புளிப்பையும் வெப்பம் தொடுகிறது. சாற்றுப் பையின் செல்கள் சிட்ரிக் அமிலத்தைத் தமக்குள் அடைத்து வைக்கின்றன. எலுமிச்சைச் சாற்றில் அது சுமார் 6 முதல் 7 சதவீதம், சாத்துக்குடியில் 1 சதவீதத்துக்கும் கீழே. ஆரஞ்சு வகைகள் முதிரும்போது அந்த அமிலம் செலவாகிறது, வெப்பமான ஊரில் வேகமாகச் செலவாகிறது. அதனால்தான் சமவெளிச் சாத்துக்குடி தட்டையாக இனிக்கிறது. கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் கமலா புளிப்பும் இனிப்புமாக நாக்கில் நிற்கிறது. எனக்குப் பிடித்தது மலைப்பழம்தான். புளிப்பு இல்லாத ஆரஞ்சுக்கு வாசனை தூக்கலாகத் தெரிவதில்லை.

வெளிநாட்டுப் பழத்தைப் பல இடங்களில் எத்திலீன் (காய்களைப் பழுக்கத் தூண்டும் வாயு) நிரப்பிய அறையில் வைத்து நிறம் ஏற்றுகிறார்கள். சில பி.பி.எம். (பத்து லட்சத்தில் சில பங்கு) வாயு போதும், தோலின் பச்சை கழன்றுவிடும். சுளைக்கு ஒன்றும் நடப்பதில்லை. புளிப்பாகப் பறித்திருந்தால் புளிப்பாகவே உங்கள் வீட்டுக்கு வரும்.

மேலூர் சமையல் மாஸ்டர்: ஐயா, பறிச்ச பிறகு ஒண்ணும் நடக்காதுங்குறீங்க. கல்யாணச் சமையலுக்கு எலுமிச்சை வாங்கினா பச்சைக் காயைச் சாக்குல நாலு நாள் போட்டு வைப்போம். மஞ்சளாகி, சாறு அவ்வளவு வரும். அன்னைக்கே பிழிஞ்சா கை வலிதான் மிச்சம். எங்க அனுபவம் பொய்யா?

பொய்யே இல்லை மாஸ்டர். நான்கு நாளில் தோலிலிருந்து தண்ணீர் போகிறது, வெள்ளைச் சதை இளகுகிறது, பிழிய இலகுவாகிறது. ஆனால் காய்க்குள் புதுச்சாறு ஊறுவதில்லை, ஊறுவதற்கு வழியும் இல்லை. காம்பை வெட்டிய நொடியில் மரத்தோடு தொடர்பு போய்விட்டது.

மேலூர் சமையல் மாஸ்டர்: வாழைத்தாரும் வெட்டின பிறகுதானே பழுக்குது? புகை மூட்டம் போட்டா ரெண்டு நாள்ல இனிக்குதே?

வாழைக்காய் நிறைய மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. புகையில் உள்ள எத்திலீன் பட்டதும் அந்த மாவு சர்க்கரையாகிறது. மரத்தை விட்டு வரும்போதே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்த காய் அது. எலுமிச்சையும் ஆரஞ்சும் அப்படி மாவைச் சேர்த்து வைப்பதில்லை. அதே வாயு இவற்றின் தோலை மட்டும் மஞ்சளாக்கும்.

பழ மண்டி வியாபாரி, மதுரை: மூட்டை எடை குறையுது அண்ணே. அந்த நஷ்டம் எங்க தலையிலதான் விழுது. எடை குறையுதுன்னா சாறும் குறையணுமே, மாஸ்டர் கூடுதுங்குறாரு.

முதல் சில நாளில் குறையும் எடையில் பெரும்பகுதி தோலின் ஈரம். சுளை கடைசியில்தான் வற்றும்.

மேலூர் சமையல் மாஸ்டர்: அப்ப ஒரு கிலோவுக்குச் சாறு கூடுதுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க!

எடைக் கணக்கில் கூடும், காய்க் கணக்கில் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் இந்த வழக்கு தீராமல் இருக்கிறது. ஒரே மரத்தில், ஒரே நாளில், ஒரே அளவில் 20 காய் பறியுங்கள். 10 காயை உள்ளங்கையால் பலகையில் நன்றாக உருட்டி, வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, அன்றே பிழிந்து அளந்து வையுங்கள். மீதி 10 காயை நான்கு நாள் கழித்துப் பிழியுங்கள். இரண்டு டம்ளரும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும். வாங்கும்போது ஏற்கெனவே மஞ்சளாகித் தோல் மெலிந்த காயை எடை போட்டு வாங்கினால் உங்களுக்கு லாபம். பச்சைக் காயை எடை போட்டு வாங்கிச் சாக்கில் வைத்தால், பறந்து போன ஈரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

பழ மண்டி வியாபாரி, மதுரை: இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சரி, சீக்கிரம் மஞ்சளாக்க கார்பைட் கல் போடலாமா?

கூடாது. கார்பைட் கல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது, உடம்புக்குக் கேடு. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் அனுமதித்தது. மஞ்சளாக்குவதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் மூட்டையில் மூன்றாம் நாள் தோலில் பழுப்புப் பள்ளங்கள் வருகிறதா, பாருங்கள். அது விடியற்காலைப் பனியிலோ மழை விட்ட உடனேயோ பறித்த காய். அப்போது தோல் நீரால் விறைத்திருக்கும், லேசாக அழுத்தினாலே எண்ணெய்ப் பைகள் உடையும். எலுமிச்சைத் தோலை மடித்து விளக்குச் சுடர் அருகே நசுக்கினால் பொறி பறக்கும், அந்த எண்ணெய்தான் இது. பக்கத்துச் செல்களில் பட்டால் அவற்றைக் கொன்றுவிடும். ஈரத்தில் பறிக்காதீர்கள். வெயில் ஏறி, தோல் காய்ந்த பிறகு பறியுங்கள்.

உசிலம்பட்டி விவசாயி: இலையிலும் காயிலும் சொறி சொறியா மஞ்சள் வளையத்தோட புள்ளி. என்ன மருந்து, எத்தனை மில்லி?

எலுமிச்சைச் சொறிநோய், பாக்டீரியாவால் வருவது. அளவை இலையைப் பார்த்தவர் சொல்ல வேண்டும். மாதிரியோடு தோட்டக்கலை அலுவலரிடம் போங்கள், அல்லது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் காட்டுங்கள்.

அண்ணா நகர் வாசகி: சாத்துக்குடி ஜூஸ் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சாயங்காலம் கசக்கிறது. பழம் கெட்டதா?

பழம் நல்ல பழம். முழுப் பழத்தில் கசப்பே இல்லாத ஒரு பொருள் சுளைத் தோலிலும் விதையிலும் இருக்கிறது. பிழிந்ததும் அது சாற்றின் அமிலத்தோடு கலந்து, மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாகிறது. அதனால்தான் முதல் டம்ளர் இனிக்கிறது, மூன்று மணி நேரம் கழித்துக் குடிப்பது கசக்கிறது. மிக்ஸியில் அடிக்காதீர்கள், விதையோடும் தோலோடும் அரைத்தால் கசப்பு இன்னும் வேகமாக வரும். கையால் பிழிந்து வடிகட்டி உடனே குடியுங்கள். பம்ப்ளிமாஸின் கசப்பு வேறு. அது நரிஞ்சின், பழத்திலேயே தயாராக இருப்பது. வெள்ளைத் தோலையும் சவ்வையும் முழுக்க உரித்துவிட்டால் பெருமளவு போய்விடும்.

பேரையூர் வாசகர்: வெல்லத் தண்ணி எத்தனை நாளுக்கு ஒருக்கா ஊத்தணும்?

மேலே சொல்லியிருக்கிறேன்.

நத்தம் விவசாயி: நாலு வாரம் மழையே இல்ல. ஒரே மழை பெஞ்சுச்சு, மறுநாள் பாதி எலுமிச்சை வெடிச்சுப் போச்சு. தாங்க முடியல ஐயா.

வருத்தமாக இருக்கிறது. வறட்சியில் தோல் விரியும் தன்மையை இழந்து இறுகிவிட்டது. திடீர் மழையில் சுளை நீரை இழுத்து உப்பியது, தோல் ஈடுகொடுக்கவில்லை. வெடித்த காயை உடனே பறித்துவிடுங்கள், பூஞ்சணம் மற்றதைத் தொடும். இனி மரத்தைச் சுற்றிக் காய்ந்த சருகோ கரும்புத் தோகையோ மூடாக்குப் போடுங்கள். சொட்டுநீர் கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் கொடுங்கள். கோடை விலைக்காகத் தண்ணீரை நிறுத்திப் பூ வரவைப்பவர்களும் கவனியுங்கள்: நிறுத்துவது பூவுக்கு முன்தான், காய் பருத்த பிறகு இல்லை.

திருமங்கலம் வாசகர்: உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும் ஆரஞ்சுக் கன்று விற்கிறார்கள். நம் ஊரில் வருமா?

மரம் வரும், சிவப்பு வராது. அந்த நிறத்துக்கான மரபணுவை 2012-ல் கண்டறிந்தார்கள், குளிர் பட்டால்தான் அது முழுசாக விழிக்கிறது. இத்தாலியின் சிசிலித் தீவில் எட்னா மலைப்பக்கம் அந்தக் குளிர் கிடைக்கிறது. திருமங்கலத்தில் கிடைக்காது. அந்தப் பணத்தில் நல்ல ஒட்டுக்கன்றாகச் சாத்துக்குடி வாங்குங்கள்.

அலங்காநல்லூர் வாசகி: எலுமிச்சை விதை போட்டால் தாய் மரம் மாதிரியே வருமா?

பெரும்பாலும் வரும். எலுமிச்சை விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முளை இருக்கும், அவற்றில் பல தாயின் திசுவிலிருந்தே உருவானவை. காய்க்க நாளாகும், முள்ளும் அதிகம். பம்ப்ளிமாஸுக்கு இது பொருந்தாது, அதில் ஒரே முளை, மகரந்தக் கலப்பில் வந்தது. விதையை நம்பாதீர்கள்.

சிறுமலை விவசாயி: கமலா பார்க்க நல்லாருக்கு, உரிச்சா சுளை சக்கை.

சாற்றுப் பைகள் கெட்டித்து வறண்டுவிட்டன. மிகப் பெரிய காயிலும், வேகமாக வளரும் இளமரத்திலும், காலம் கடந்து மரத்தில் விட்ட பழத்திலும் இது அதிகம். தோல் தனியாக உப்பித் தொளதொளவென்று ஆனால் நாள் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நிறத்துக்காகக் காத்திருக்காமல் பத்து நாளுக்கொருமுறை ஒரு பழத்தை அறுத்து ருசி பார்த்துப் பறியுங்கள்.

விளாங்குடி வாசகர்: இனிப்புக்கு வெல்லம் சரி, நாட்டுச் சர்க்கரை போடலாமா?

போட வேண்டாம்.

டி.வி.எஸ். நகர் வாசகி: கொடைக்கானல் போனபோது பிளம்ஸ் வாங்கினோம். மேலே வெள்ளைப் பொடி, மருந்தா? வாங்கின அன்றே ஃபிரிட்ஜில் வைத்தோம், ஒரு வாரத்தில் உள்ளே பழுப்பாகிச் சப்பென்று ஆகிவிட்டது.

அந்தப் பொடி பழமே பூசிக்கொண்ட மெழுகு. விரல் படாமல் பொடி அப்படியே இருந்தால் அதிகம் கைபடாத பழம், அதையே எடுங்கள். கழுவிச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜ்தான் பழுப்புக்குக் காரணம். பிளம்ஸுக்குச் சுமார் 2 முதல் 8 டிகிரி வரை ஆகாத இடம். வீட்டு ஃபிரிட்ஜ் அதற்குள்தான் இருக்கிறது. பழுக்காத பழத்தை அங்கே நாள்கணக்கில் வைத்தால் சதை பழுத்து இளகாமல் மாவாகிப் பழுப்பேறும். எலுமிச்சை போல இல்லாமல் பிளம்ஸ் பறித்த பிறகும் பழுக்கும். காகிதப் பையில் போட்டு வெளியே வையுங்கள், தானே விடும் எத்திலீனில் மெத்தென்று ஆகும், புளிப்பும் சற்று அடங்கும். ஆனால் இதிலும் சேமித்த மாவு இல்லாததால் சர்க்கரை கூடாது. பஸ் பயணத்துக்குத் தாங்கட்டும் என்று கல்லுப்போலப் பறித்த பழம் மெத்தென்று ஆகும், இனிக்காது. மே, ஜூனில் கொடைக்கானல் போனால் காம்புப் பக்கம் பச்சை போய், அழுத்தினால் லேசாக நெகிழ்கிற பழமாகக் கேட்டு வாங்குங்கள். பழுத்த பிறகு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். தோலின் புளிப்பும் துவர்ப்பும் பிடிக்காவிட்டால் தோலோடு சேர்த்துச் சர்க்கரை போட்டுக் காய்ச்சிவிடுங்கள். அந்தச் சிவப்பு தோலில்தான் இருக்கிறது, ஜாம் நல்ல நிறமாக வரும்.