வாளியை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்

வணக்கம். பள்ளியில் 'நீரைச் சேமிப்போம்' என்று பேசிப் பரிசு வாங்கும் 8 வயதுப் பையன் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டே பல் தேய்க்கிறான், கேட்டால் முறைக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். சிரிப்புதான் வந்தது, என் மகளும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தாள்.

முதலில் சொல்வதை நிறுத்துங்கள். அடுத்த முறை அவன் பல் தேய்க்கும்போது குழாயடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, சேர்ந்த தண்ணீரை 1 லிட்டர் பாட்டிலால் அவனையே அளக்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும் குழாய் என்றால் 2 நிமிடத்தில் 12 பாட்டில். என் மகள் ஏழாவது பாட்டிலிலேயே கை வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் வேலையும் அவனுடையதாகவே இருக்கட்டும்.

அப்புறம், ஒரு தொட்டி மண்ணில் காய்கறித் தோல், செய்தித்தாள் துண்டு, பிளாஸ்டிக் உறை மூன்றையும் தனித்தனியாகப் புதைத்து, குச்சி நட்டு, தேதி எழுதி வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் வேலை செய்யாது. 2 மாதம் கழித்துத் தோண்டினால் தோல் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகியிருக்கும், தாள் நைந்திருக்கும், உறை மட்டும் போட்டது போட்டபடி கிடக்கும். நடுவில் நாலு தடவை தோண்டிப் பார்ப்பான், பார்க்கட்டும்.

உலகமே அழியப்போகிறது என்று மட்டும் பயமுறுத்தாதீர்கள், இந்த வயதில் அது தூக்கத்தைத்தான் கெடுக்கும். சரி, நீங்கள் பல் தேய்க்கும்போது குழாய் மூடியிருக்கிறதா?