வீட்டுக்கடனில் ஒரு டிஷ்வாஷர்

கேள்வி: எனக்கு வயது 54, தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள பழைய மோட்டார்ஹோம் வண்டி ஒன்று வைத்திருக்கிறோம், எடை வரம்பு 3,500 கிலோ. டிசம்பரில் சவுத் கோஸ்ட் கடற்கரை, ஈஸ்டருக்கு டிராகன்ஸ்பெர்க் மலை என்று போவோம். மச்சான் குடும்பம் பக்கத்தில் டென்ட் போடும், மொத்தம் எட்டுப் பேர். லீவிலும் என் மனைவிக்குப் பாத்திரம் தேய்ப்பதுதான் வேலை. சின்ன டிஷ்வாஷர் மாட்டச் சொல்லி மச்சான் கடையில் விலை கேட்டு வந்தார். மெஷின் 8,500, லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர் 25,500, மாட்டும் கூலி 4,000, ஆக 38,000 ரேண்ட். என் ஆக்சஸ் பாண்டில், அதாவது கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கக்கூடிய வீட்டுக்கடனில், அப்படிக் கட்டிய பணம் இருக்கிறது. வட்டி 10.5 சதவீதம், இன்னும் 9 வருடம். ஆனிங் (வண்டியோரப் பந்தல்), ஃப்ரிட்ஜ், போன டிசம்பர் செலவு, மச்சான் வியாபாரத்துக்கு 60,000 என்று இதுவரை 1,25,000 எடுத்துவிட்டேன். இதற்கும் எடுக்கலாமா? இல்லை, ஓய்வூதியச் சேமிப்புப் பானையில் (ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய பகுதி) கை வைக்கலாமா?

பதில்: நீங்கள் டிஷ்வாஷரைப் பற்றிக் கேட்கிறீர்கள், என் கண்ணில் பட்டது அந்த 1,25,000.

"நான் கட்டிய பணம்தானே" என்று பாண்டை மணிபர்ஸ் மாதிரித் திறக்கிறீர்கள். கட்டிய அன்றே அந்தப் பணம் கடனில் கழிந்துவிட்டது. திரும்ப எடுப்பது புதுக்கடன். மாதத் தவணை பெரும்பாலும் அசையாது என்பதால் வலி தெரிவதில்லை. சீக்கிரம் முடியவேண்டிய கடன் மட்டும் சத்தமில்லாமல் தள்ளிப் போகிறது.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 38,000 ரேண்டை 9 வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 545, மொத்தம் 59,000. பழையதையும் சேர்த்தால் 1,63,000. அதற்கு மாதம் 2,340, முடியும்போது இரண்டரை லட்சம் தாண்டும். அப்போது உங்களுக்கு 63 வயது. அந்த ஃப்ரிட்ஜ் அதுவரை ஓடுமா?

பானை விஷயம் இன்னும் மோசம். ஓய்வூதியப் பணத்தை, இடையில் எடுக்கக்கூடியது, ஓய்வு வரை தொடக்கூடாதது என்று பிரிக்கும் இந்த இரண்டு பானை முறை 2024 செப்டம்பர் 1-இல் வந்ததிலிருந்து எல்லோருக்கும் கை அரிக்கிறது. எடுக்கும் தொகை உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். நீங்கள் 31 சதவீத வரிப் படியில் இருந்தால், கையில் 38,000 வர 55,000 எடுக்கவேண்டும். அதைத் தொடாதீர்கள்.

இனி மெஷினுக்கு வருவோம். வண்டியில் பொருந்துகிற சின்ன மெஷினில் ஆறு பேரின் தட்டும் கிண்ணமும் அடங்கும். உங்கள் வீட்டம்மா மல்லுக்கட்டுவது தட்டோடு இல்லை, அடிப்பிடித்த பிரியாணிச் சட்டியோடு. அது உள்ளே நுழையாது. ரொட்டித் தவாவும் அப்படித்தான்.

கடைக்காரர் சொல்லும் லித்தியம் செட் எதற்கு? தண்ணீரைச் சூடாக்கும்போது மெஷின் சுமார் 1,200 வாட் இழுக்கும், 12 வோல்ட் பேட்டரியில் அது 100 ஆம்பியர். அதற்காகத்தான் அவ்வளவு பெரிய செட். கேம்ப்சைட்டில் பிளக் பாயிண்ட் இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம். அப்புறம் எடை. மெஷின் மட்டுமே 20 கிலோ அளவில் வரும். தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றி ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். 3,500-ஐத் தாண்டினால் வண்டி ஓவர்லோட், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

சரி, ஆசையாகத்தான் இருக்கிறது என்றால் மெஷினை மட்டும் வாங்குங்கள். மாதம் 850 தனிக் கணக்கில் போட்டால் பத்து மாதத்தில் 8,500 சேர்ந்துவிடும். மாட்டும் கூலியை, லித்தியம் செட் இல்லாமல் எவ்வளவு என்று திரும்பக் கேளுங்கள். பாண்டிலிருந்து எடுக்கும் வசதியை ஆன்லைனில் மறைக்கவோ நிறுத்தவோ முடியுமா என்று வங்கியிலும் விசாரியுங்கள். முடியாவிட்டால், மனைவியும் சம்மதித்தால்தான் எடுப்பது என்று வீட்டில் பேசி வையுங்கள்.

அந்த 60,000-ஐப் பற்றி ஒரு வரிக்கு மேல் நீங்கள் எழுதவில்லை, கேட்கக் கூச்சம் போலிருக்கிறது. மாதம் 1,500 வீதம் 40 மாதம், நேராக உங்கள் பாண்டு கணக்குக்கே போகும்படி டெபிட் ஆர்டர் போடச் சொல்லுங்கள். முடியாது என்றால், டிசம்பரில் பிரியாணிச் சட்டியை மச்சான் தேய்க்கட்டும்.