முழங்கால் வலிக்கு மெல்லிய சோல் ஷூ: குதிகாலைக் கேட்டுவிட்டு மாறுங்கள்

கேள்வி: எனக்கு 42 வயது, எடை 76 கிலோ. பாலக்கோடு பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் காலையில் 6 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஓடி முடித்ததும் வலது முழங்கால் சிப்பியைச் சுற்றி வலிக்கிறது, இறக்கத்தில் ஓடினால் இன்னும் அதிகம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது இடது குதிகாலுக்கு மேலே பிடித்துக்கொள்கிறது, பத்து நிமிடம் நடந்தால் விட்டுவிடும். பெரிய தொந்தரவு இல்லை, ஆனால் மாதக்கணக்காகப் போகவும் இல்லை. மெல்லிய சோல் வைத்த மினிமலிஸ்ட் ஷூவுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் ஓட்டக் குழுவில் சொல்கிறார்கள். மாறலாமா?

பதில்: இப்போது வேண்டாம் சார். குதிகால் சரியான பிறகு, ஆசை இருந்தால் மெதுவாக மாறலாம். ஆசை இல்லாவிட்டால் மாற வேண்டிய கட்டாயமே இல்லை.

நீங்கள் இப்போது போடும் சாதாரண ஓட்ட ஷூவில் குதிகால் பக்கம் முன்பாதத்தைவிட சுமார் 8 முதல் 12 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். மினிமலிஸ்ட் ஷூவில் அந்த வித்தியாசம் பூஜ்ஜியம், மிஞ்சிப்போனால் 4 மில்லிமீட்டர். சோலும் மெல்லிசு. குதிகாலை ஓங்கித் தரையில் வைத்தால் வலிக்கும் என்பதால் பலர் தாமாகவே அடியைக் குறுக்கிக்கொண்டு நடுப்பாதத்திலோ முன்பாதத்திலோ இறங்கப் பழகுவார்கள். அப்படி இறங்கினால் முழங்காலுக்கு வரும் சுமை குறையும். உங்கள் குழுவில் சொல்வதில் இந்தப் பாதி உண்மை.

முழங்காலில் குறைந்த சுமை எங்கே போகிறது? கெண்டைக்கால் சதைக்கும், குதிகால் நரம்பு என்று எல்லோரும் சொல்லும் தடித்த தசைநாணுக்கும், பாதத்தின் முன்பக்க எலும்புகளுக்கும் போகிறது. வங்கிக் கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்கின கதைதான். உங்களுக்கு வலது முழங்கால் மட்டும் வலித்திருந்தால் 'முயன்று பாருங்கள்' என்று எழுதியிருப்பேன். ஏற்கெனவே முனகிக்கொண்டிருக்கிற இடது குதிகாலின் தலையில் இன்னும் சுமையை ஏற்ற வேண்டாம்.

முதலில் குதிகாலைப் பாருங்கள். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்தத் தசைநாணைக் கிள்ளிக்கொண்டே மேலிருந்து கீழே வாருங்கள். குதிகால் எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே, கொஞ்சம் தடித்த இடத்தில் 'ஆ' என்று வந்தால் அது நடுப்பகுதிப் பிரச்சினை. எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலித்தால் அது வேறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கெண்டைக்கால் சதையைப் பலப்படுத்துவது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் எழும்புங்கள். பிறகு இடது காலில் மட்டும் எடையைப் போட்டு, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குங்கள். 15 முறை ஒரு சுற்று, மூன்று சுற்று, காலையும் மாலையும். எலும்போடு ஒட்டும் இடத்தில் வலிப்பவர்கள் படியில் செய்யாமல் சமதரையில் செய்ய வேண்டும், குதிகால் படிக்குக் கீழே இறங்கக் கூடாது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட அதிகமாகப் பிடித்தால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இதை 12 வாரம் செய்ய வேண்டும். பத்து நாள் செய்துவிட்டு 'ஒண்ணும் கேக்கல' என்று வருபவர்கள்தான் அதிகம்.

ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல், முழு உயரத்துக்கு 25 முறை எழும்ப முடிகிற நாளில் மெல்லிய ஷூவைப் பற்றி யோசியுங்கள். அதுவரை கண்ணாடி அலமாரியில் இருக்கட்டும்.

முழங்காலுக்குச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. பழைய ஷூவையே போட்டுக்கொண்டு, வழக்கமான வேகத்தில் ஓடும்போது வலது கால் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். 78 வந்தால் அதை 82 அல்லது 84 ஆக்குங்கள். வேகத்தைக் கூட்டக் கூடாது, அடியைத்தான் குறுக்க வேண்டும். அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்கால் சுமை குறையும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. மினிமலிஸ்ட் ஷூ முழங்காலுக்குச் செய்யும் உதவியில் பெரும்பங்கு இந்தக் குறுகிய அடியால் வருவதுதான். அதற்கு எதற்கு எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்?

இந்த இடத்தில்தான் வியாபாரம் நுழைகிறது. ஓட்டக் குழுவில் ஒருவர் 'கோச்' ஆகிறார். ஒரு சான்றிதழும் இருக்காது, இரண்டு மாரத்தான் மெடல் இருக்கும். அவரே ஷூவைச் சிபாரிசு செய்வார், தள்ளுபடிக் கூப்பனும் அவரே தருவார். அந்தக் கூப்பனில் அவருக்கு எவ்வளவு என்று நீங்கள் கேட்பதில்லை. இன்னொரு பக்கம், ஓசூரிலோ பெங்களூரிலோ கடைக்குப் போனால் ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஏறி நிற்கச் சொல்வார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பாதத்தின் படம் திரையில் வரும். 'உங்களுக்குப் பாதம் உள்பக்கம் சாயுது சார்' என்பார் பையன். யாருக்கு சாயவில்லை? நிற்கும்போது எடுத்த படத்தை வைத்து, ஓடும்போது எந்த இடம் அடிபடும் என்று சொல்ல முடியாது. அந்தப் படத்தைக் காட்டித்தான் நாலாயிரம் ரூபாய் இன்சோலை விற்கிறார்கள். மெல்லிய ஷூ வாங்கி, அதற்குள் தடித்த இன்சோல் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தவர்களும் உண்டு. என்ன சொல்வது!

விற்பவர்கள் தவறாமல் சொல்லும் பெயர் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றார், உண்மை. 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் வென்றார். அந்த இரண்டாவது பாதியைச் சொல்லும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை. 'நம்ம தாத்தா செருப்பில்லாமல்தானே நடந்தார்' என்பது அடுத்த வசனம். தாத்தா நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வெறுங்கால். உங்கள் பாதம் இருபது முப்பது ஆண்டுகளாக ஷூவுக்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் விரல்விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவைப் பிரபலமாக்கிய விப்ரம் நிறுவனம், ஆதாரமில்லாமல் உடல்நலப் பயன்களை விளம்பரம் செய்ததாக வழக்கைச் சந்தித்து, 2014-ல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அதே வகை ஷூவுக்குப் பத்து வாரத்தில் மாறிய 19 பேரில் 10 பேருக்கு ஸ்கேனில் பாத எலும்புக்குள் நீர் கோர்த்திருந்தது. எலும்பு கீறல் விடுவதற்கு முன்னால் வரும் அறிகுறி அது. அவசரமில்லாமல் மாறியதாக நினைத்தவர்களுக்கே இந்தக் கதி.

ஆகவே மாறுவதாக இருந்தால் பத்து வாரம் போதாது, ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் பள்ளிக்கும் கடைக்கும் நடக்க மட்டும். அடுத்து, வாரத்தில் இரண்டு நாள், ஓட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் மெல்லிய ஷூவில் ஓடிவிட்டுப் பழைய ஷூவுக்கு மாறிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். மண்பாதையில் ஓடினால் முள்ளைப் பாருங்கள், நம் பக்கத்து வேலிக்காத்தான் முள் மெல்லிய சோலை ஊடுருவிவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இந்த ஷூ பக்கமே போக வேண்டாம்.

இனி, வெளியூர் நிபுணர்கள் யாரும் எழுதாத ஒன்று. நீங்கள் பாலக்கோடு என்று எழுதியதால் கேட்கிறேன். உங்கள் முன்பற்களில் பழுப்புக் கறையோ சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டோ இருக்கிறதா? தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அது ஓடத் தொடங்கியது 2013-ல். இன்று நாற்பது வயதில் இருப்பவர் பல் முளைத்த காலத்தில் குடித்தது போர் தண்ணீரைத்தான். பல்லில் கறை விழுவது சின்ன வயதில் மட்டும், ஆனால் எலும்பில் ஃபுளோரைடு சேர்வது குடிக்கிற காலம் முழுக்க நடக்கும்.

பல்லில் கறை இருந்தால் எலும்பும் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கறையோடு சேர்த்து, காலையில் முதுகு விறைப்பு, கழுத்தைத் திருப்ப முடியாமை, குதிகால் வலி, குந்தி உட்கார்ந்தால் எழ முடியாமை இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஃபுளோரைடு ஏறிய எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். பார்ப்பவர் 'எலும்பு நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு' என்று அனுப்பிவிடுவார். உண்மையில் அது எளிதில் நொறுங்கக் கூடியது. முன்பு எலும்புத் தேய்வுக்குச் சோடியம் ஃபுளோரைடை மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டவர்கள் சிலருக்குக் குதிகாலிலும் கணுக்காலிலும் வலியும் நுண்கீறலும் வந்தன. அப்படிப்பட்ட எலும்பின் மேல் மெல்லிய சோலில் ஆயிரக்கணக்கான அடி போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். தசைநார்கள் எலும்போடு ஒட்டும் இடங்களில் சுண்ணாம்பு படிந்திருந்தால் மேலே சொன்ன படிக்கட்டுப் பயிற்சியையும் மாற்றித்தான் தர வேண்டும்.

நம் மாவட்டத்தில் மூட்டு வலி என்று போனால் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்கிறார்கள்? ஓபி-யில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம். 'தேய்மானம்' என்று எழுதினால் வேலை முடிந்தது. ஷூவுக்குச் செலவழிக்கும் முன் உங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் வீட்டில் எதைக் குடிக்கிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. எந்த ஷூவாக இருந்தாலும், பாதத்தின் மேல்பக்கம் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் வலித்து, அழுத்தினால் சுருக்கென்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்புக் கீறலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜம், 'ஒண்ணுமில்ல' என்ற சீட்டை நம்பி ஓடப் போய்விடாதீர்கள். வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள், அதையும் சீட்டு எழுதுபவர் சொல்லும் சென்டரில்தான் எடுக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. மருந்துக்கடையில் 'செட்டு' வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கக் கூடும். குதிகால் தசைநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஒரே வாரத்தில் ஓடலாம் என்று யாராவது சொன்னால், அந்தத் தசைநாண் அறுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.