மகளுக்கு அந்த நாவலைக் கொடுக்கலாமா?

கேள்வி: பதினொரு வயதில் படித்த ‘தி ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்’ நாவலை அண்மையில் மறுபடி படித்தேன். அன்று வாண்டாவுக்காக அழுதேன்; இன்று மேடியை நினைத்தால்தான் மனம் உறுத்துகிறது. ஆறாவது படிக்கும் என் மகளின் வகுப்பில், ஒவ்வொரு ‘கலர் டிரஸ்’ நாளிலும் ஒரே சுடிதாரில் வரும் மாணவியைத் தோழிகள் கேலி செய்கிறார்களாம். இவள் பேசாமல் நிற்கிறாளாம். நாவலை அவளிடம் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாகக் கொடுங்கள், சகோதரி. ஆனால், ‘இதைப் படித்தாவது திருந்து’ என்ற பாவனை உங்கள் முகத்தில்கூடத் தெரிய வேண்டாம்.

1944இல் எலினார் எஸ்டெஸ் எழுதிய அந்தச் சிறு நாவலில், வெளுத்துப்போன ஒரே நீல உடையில் தினமும் பள்ளிக்கு வரும் போலந்துக் குடும்பத்துப் பெண்ணான வாண்டா, வீட்டில் நூறு உடைகள் இருப்பதாகச் சொல்லப்போய்க் கேலிக்கு ஆளாகிறாள். சிறு வயதில் அவள் பக்கம் நிற்பது எளிது. கேலியைப் பார்த்தும் பேசாமல் நிற்கும் வகுப்புத் தோழி மேடி நம் கண்ணில் படுவதற்குக் கொஞ்சம் வயதாக வேண்டியிருக்கிறது. அவளும் ஏழைதான். கேலியை முன்னின்று நடத்தும் பெக்கி உடுத்திக் கழித்த உடையை, யாருக்கும் அடையாளம் தெரியாதபடி அம்மா மாற்றித் தைத்துக் கொடுக்க, அதை அணிந்து வருபவள். ‘வாண்டாவை விட்டுவிடலாமே’ என்று பெக்கிக்குச் சீட்டு எழுதத் தொடங்கியவள், அடுத்துத் தன் உடையைப் பற்றிப் பேச்சு வருமே என்று நடுங்கி, அதைச் சுக்குநூறாகக் கிழித்துப்போடுகிறாள். வாண்டாவின் ஓவியங்கள் பரிசு பெறும் இடத்தைவிட இந்த இடத்தைத்தான் நாவலின் உயிர் என்பேன்.

உங்கள் மகளின் மௌனத்திலும் அந்தப் பயம்தான் இருக்க வேண்டும். எம்.சி. ரோட்டில் எந்தக் கடையில் எடுத்தது, அக்கா போட்டுக் கழித்ததா, வீடு எந்தப் பக்கம் என்றெல்லாம் நம் வடசென்னைப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் எடைபோடத்தான் செய்கிறார்கள் (எல்லாம் பெரியவர்கள் பேசக் கேட்டதுதான்). ‘நீ ஏன் தட்டிக் கேட்கவில்லை?’ என்று அதட்டினால், இனிப் பள்ளிக் கதை எதுவும் உங்கள் காதுக்கு வராது. மேடியோடு அவளை ஒப்பிடவும் வேண்டாம். படித்து முடித்து அவளாகப் பேச்செடுத்தால், குறுக்கிடாமல் கேளுங்கள்.

கும்பலை எதிர்த்து நிற்கும் துணிச்சலை அந்த வயதில் எதிர்பார்ப்பது அதிகம். மதியச் சாப்பாட்டின்போது அந்த மாணவியின் பக்கத்தில் போய் உட்காரலாமே என்று வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள். கேலியை நிறுத்துவது பெரியவர்களின் பொறுப்பு. வகுப்பு ஆசிரியையைத் தனியே சந்தித்து, உங்கள் மகளின் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு, விஷயத்தைச் சொல்லுங்கள். நாவலில் வாண்டாவின் தந்தை எழுதிய கடிதத்தை ஆசிரியை வகுப்பில் படித்துக் காட்டும்போது, அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போயிருந்தது. ஆகவே இந்த வாரமே போய்ப் பாருங்கள்.